இரண்டாம் மாதத்தோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்: காசநோயாளிக்கு எதை, எப்போது, யார் சொல்வது?

மலைச்செவிலி (கூடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் காசநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்களின் வீடுகளுக்குச் சென்று வருவது என் பணியின் ஒரு பகுதியாகும். அரசு மருத்துவமனையில் மருந்துக்கும் சளிப் பரிசோதனைக்கும் ஒரு காசும் வாங்குவதில்லை என்பதும், முறையாக மருந்து உட்கொண்டால் இந்நோய் குணமாகும் என்பதும் இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். அப்படியிருந்தும் சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் எப்போது நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தால்தான் சிக்கல் விளங்குகிறது. நோயின் துன்பம் மிகுந்த முதல் வாரங்களில் மாத்திரையை விடுகிறவர்கள் குறைவு. மாலைக் காய்ச்சல் தணிந்து, இருமல் அடங்கி, சோறு இறங்கத் தொடங்கி, மறுபடியும் கொழுந்து பறிக்கப் போகலாம் என்ற தெம்பு வந்த பிறகே பலரும் விடுகிறார்கள்.

மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று தெரிந்தால், நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை 56 வேளைகளும், அதன்பின் அவற்றுள் பைரசினமைடு என்ற மருந்து மட்டும் நீங்கிய மூன்று மருந்து மாத்திரை 112 வேளைகளும், நாளுக்கு ஒரு வேளையாகத் தரப்படுகின்றன. முதல் கட்டத்தின் முடிவில் சளியைச் சோதிக்கும்போது கிருமி இல்லை என்ற முடிவு பலருக்கும் வந்துவிடும். நாங்கள் மகிழ்ச்சியோடு சொல்லும் அந்தச் செய்தியைச் சிலர் சிகிச்சையே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து ஒரு மாதம் மருந்து உட்கொள்ளாதவரை, தொடர்பு விட்டுப்போனவர் என்று பதிவேட்டில் எழுத வேண்டியதாகிறது.

நாங்கள் விளக்கம் சொல்லாமல் இருப்பதில்லை. நோய் உறுதியான அன்றே, கிருமி, தொற்று, மாத்திரை எண்ணிக்கை, பக்கவிளைவு, உணவு, இருமும்போது வாயை மூடுவது, வீட்டிலுள்ளவர்களுக்குப் பரிசோதனை, வங்கிக் கணக்கு எண் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எதிரே அமர்ந்திருப்பவரோ, இதை வீட்டில் எப்படிச் சொல்வது, வேலை போய்விடுமா, பிள்ளைக்கு ஒட்டியிருக்குமா என்ற கலக்கத்தில் இருக்கிறார். அவர் காதில் எதுவும் ஏறுவதில்லை. அந்த ஒரு நாள் விளக்கத்தைப் பிரித்துப் பல நாள்களில் சொன்னால் பயன் இருக்குமா? எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது, யார் வாயால் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பழைய ஆய்வாளர் (குந்தா)

நான் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் புதிய கேள்வி அன்று. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்) வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்கிறவர்களையும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) இருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏழ்மையான, நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியபின், உலகம் முழுவதும் சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியது. அந்த ஆய்வை நடத்தியவர்கள் நோயாளியின் சொல்லை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சைக்கு மருந்து மட்டும் போதாது, தொடர்ந்த கவனிப்பும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆகையால் விளக்கம் சொல்வதன் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குந்தா பக்கம் துண்டறிக்கை கொடுத்துவிட்டு வந்த பல வீடுகளில், அந்தத் துண்டறிக்கை அடுப்பு மூட்டத்தான் பயன்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017-இல் நாள்தோறும் மருந்து தரும் முறை வருவதற்கு முன்பு, அரசுத் திட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மருந்து. அந்தக் காலத்தில் குணமான பெரியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். "எனக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தானே கொடுத்தார்கள், உனக்கு மட்டும் ஏன் தினமும்?" என்று அவர்கள் கேட்டால், இளையவர் மாத்திரையைக் குறைத்துவிடுகிறார். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் சொல்வதில்லை. எனவே நோயாளிக்கு விளக்குவதற்கு முன்பு, அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அவருக்கு விளக்குங்கள்.

கோத்தகிரி மருந்தாளுநர்

முதல் நாளில் சொல்லியே தீர வேண்டியது ஒன்று உண்டு. அது சிறுநீரின் நிறம். அந்த மாத்திரையிலுள்ள மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மறுநாளே நோயாளி தனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது என்று முடிவு செய்கிறார். நம் ஊரில் காமாலை என்றவுடன் யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவரிடம் போய்ப் பத்தியம் இருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பத்தியத்தில் முதலில் நிற்பது எங்கள் மாத்திரைதான்.

இதில் ஒரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் உண்மையிலேயே கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. அரிதாக என்றாலும், உண்மையான காமாலை வருவதுண்டு. எனவே "சிறுநீர் நிறம் மாறினால் பயப்பட வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்து. கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கண் வெளுப்பாக இருந்து சிறுநீர் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அது மருந்தின் நிறம். கண் மஞ்சளாகி, பசி அறவே போய், வாந்தி விடாமல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்த வேண்டிய நேரமும் ஒன்று இருக்கிறது என்பதை நாமே நேர்மையாகச் சொன்னால், மற்ற நேரங்களில் நிறுத்தக் கூடாது என்ற நம் சொல்லுக்கும் மதிப்பு கூடுகிறது.

மற்றப் பக்கவிளைவுகளை ஒரே நாளில் அடுக்க வேண்டியதில்லை. கால் எரிச்சலும் மரத்துப்போதலும் ஐசோநியசிட்டால் வரலாம். பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை அதைத் தடுக்கும். மூட்டுவலி பைரசினமைடால் வருவது; இரண்டாம் கட்டத்தில் அந்த மருந்து இல்லாததால் வலியும் குறையும். எத்தாம்பியூட்டாலால் பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ தாமதிக்காமல் சொல்ல வேண்டும். பெண்களிடம் பெரும்பாலும் சொல்லாமலே விடப்படும் செய்தி ஒன்று: ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைத்துவிடும்; சிகிச்சைக் காலத்தில் வேறு முறையைக் கையாள வேண்டும். ஆண்கள் நிறைந்த அறையில் இதைப் பேச முடியாது என்பதாலேயே விட்டுவிடுகிறோம்.

மலைச்செவிலி (கூடலூர்)

மருந்தாளுநர் ஐயாவுக்கு நன்றி. கண்ணைப் பார்க்கச் சொல்லும் அறிவுரையோடு எங்கள் பகுதிக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பணியர், குறும்பர் முதலிய பழங்குடிகளிடையே அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த நோயில் கண் இயல்பாகவே சற்று மஞ்சளாக இருக்கும். அப்படிப்பட்ட ஒருவரிடம் "கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொன்னால் அவர் முதல் நாளே நிறுத்திவிடுவார். எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே அவருடைய கண்ணையும் கல்லீரல் பரிசோதனை அளவையும் குறித்துவைத்துக்கொண்டு, "இப்போது இருப்பதைவிட மஞ்சள் கூடினால், அதோடு வாந்தியும் இருந்தால்" என்று அவருக்கு உரிய அளவில் சொல்ல வேண்டும். அச்சடித்த தாளில் இதை எழுத முடியாது. நேரில் பார்த்துப் பேசுகிறவர்தான் சொல்ல முடியும்.

பந்தலூர் மேஸ்திரி

சிஸ்டர், தோட்டத்தில் வேலை வாங்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பேச்செல்லாம் மாத்திரையைச் சுற்றியே இருக்கிறது. லைன் வீட்டில் இருப்பவருக்கு மாத்திரையைவிடப் பக்கத்து வீடுதான் பெரிய கவலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சுகாதாரத் துறை வண்டி ஒருவர் வீட்டு வாசலில் நின்றால் மாலைக்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். அதன்பின் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கொழுந்தை எடைபோடும்போதும் அவர் பக்கத்தில் நிற்கத் தயங்குகிறார்கள். இப்படி ஒதுக்கப்பட்டவர், உடம்பு தேறியவுடன் "நான் நன்றாகிவிட்டேன்" என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே மாத்திரையை நிறுத்துகிறார். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்வரை அவர் ஊர்க்கண்ணில் நோயாளிதான் அல்லவா?

ஆகவே தட்டிலும் டம்ளரிலும் இந்நோய் பரவாது, இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால்தான் பரவுகிறது, சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை நோயாளிக்குச் சொல்வதற்கு முன்பு மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்; யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், யாருக்கும் நோய் இல்லாத நாளில் சொல்லுங்கள்.

அடுத்தது கூலி. மருந்து வாங்க நகரத்துக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. காலையில் யானை நடமாட்டம் இருந்தால் பேருந்து நிறுத்தத்துக்கே போக முடியாது. சத்துணவுக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்று இருந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் கணக்கும் ஆதாரும் பொருந்தாமல் பணம் வராத வீடுகளில், வராத பணத்தைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள்.

ஏன் ஆறு மாதம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உண்ணிச்செடியை மேலே வெட்டினால் தரை சுத்தமானதுபோல் தெரியும், ஒரு மழை பெய்தால் வேரிலிருந்து மறுபடி வரும். இரண்டு மாதம் வெட்டு, நான்கு மாதம் வேர். இதைச் சொன்னால் புரியாதவர் எங்கள் தோட்டத்தில் இல்லை.

மலைமாணவி (உதகை)

மேஸ்திரி ஐயா சொன்னது அறிவியலுக்கும் பொருந்தி வருகிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. மிக மெதுவாக இயங்கியபடி, ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் சிறு தொகுதியே எஞ்சி நின்று பின்னாளில் நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகுதான் ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்க முடிந்தது.

விளக்கம் சொல்வதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஒரு சான்று. செனகல் நாட்டில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், நோயாளியோடு பேசும் முறையைச் செம்மைப்படுத்தி, சிகிச்சையை ஊருக்கு அருகில் கொண்டுவந்து, தன்னைக் கவனிப்பவரை நோயாளியே தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். அப்படிச் செய்த இடங்களில் 88 சதவீதத்தினர் வெற்றிகரமாகச் சிகிச்சையை முடித்தார்கள். வழக்கமான முறை இருந்த இடங்களில் அது 76 சதவீதமாக இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. மருந்தை நிறுத்தினால் எதிர்ப்புத்திறன் பெற்ற, அதாவது மருந்துக்குக் கட்டுப்படாத, கிருமி உருவாகும், அதன் சிகிச்சை கடுமையானது என்று முதலிலேயே எச்சரிப்பது நல்லதல்லவா?

பழைய ஆய்வாளர் (குந்தா)

மகளே, நீங்கள் காட்டிய ஆய்வு என் பக்கமே பேசுகிறது. அங்கே பேச்சு மட்டும் மாறவில்லை. மருந்து அருகில் வந்தது, கவனிப்பவரை நோயாளியே தேர்ந்தார், மேற்பார்வையும் கூடியது. இவற்றில் எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேற்பார்வை இல்லாமல் பேச்சினால் மட்டும் அந்த 88 வந்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, அச்சம் ஒருவரை முதல் முறை மருத்துவமனைக்கு அழைத்துவரும். இடையில் விட்டவரைத் திரும்ப அழைத்துவராது. நான்கு நாள் மாத்திரையைத் தவறவிட்டவர், திட்டுவார்களே என்று அஞ்சி ஐந்தாம் நாளும் வர மாட்டார். பத்தாம் நாளில் அவரைத் தேடிக்கொண்டு நாம் மலை ஏற வேண்டும்.

மலைச்செவிலி (கூடலூர்)

அச்சத்தைப் பற்றி ஆய்வாளர் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மேற்பார்வையைப் பற்றிச் சொன்னதை ஏற்கத் தயங்குகிறேன். எதிர்ப்புத்திறனைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் அதற்கும் சிகிச்சை உண்டு என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத நோய்க்கு ஆறு மாதத்தில் முடியக்கூடிய புதிய மருந்துச் சேர்க்கைக்கு 2024-இல் நம் நாட்டிலும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. மருந்தைத் தவறவிட்டவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது "ஏன் விட்டீர்கள்?" என்பதன்று, "எந்த நாளிலிருந்து சிரமமாயிற்று?" என்பதே. முதல் கேள்விக்குச் சமாதானம்தான் பதிலாக வரும். இரண்டாவதற்குக் காரணம் வரும். தவறிய நாளின் மாத்திரையை மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது, வழக்கமான அளவோடு தொடர்ந்துவிட்டு எங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவைக்கிறோம்.

மேற்பார்வையைப் பொறுத்தவரை, தொலைபேசி வழியாகக் கண்காணிக்கும் முறையும் வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றிய உறையில் மறைந்திருக்கும் இலவச எண், மாத்திரையைப் பிரித்தவுடன் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு தவறிய அழைப்புக் கொடுத்தால் அன்றைய மருந்து பதிவாகிவிடும். சமவெளியில் அது எளிது. இங்கே அலைபேசிச் சமிக்ஞை கிடைப்பதற்காகவே மேட்டில் ஏறி நிற்க வேண்டிய ஊர்கள் பல இருக்கின்றன. அலைபேசியும் கணவர் கையில் இருக்கும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்ட பெண்ணை, அழைப்பு வரவில்லை என்பதற்காகத் தவறியவர் பட்டியலில் சேர்த்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் போய் விசாரணை செய்வதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை.

ஆறு மாதம் கடந்தவன் (குன்னூர்)

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மருந்து கொடுப்பவர்கள் எல்லாரும் பேசிவிட்டீர்கள். மருந்து உட்கொண்டவனும் சற்றுப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

எனக்கு முதல் நாள் சொன்னவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. நினைவில் நின்றவை பிறகு கேட்டவை. மூன்றாம் வாரத்தில் என் எடை கூடியபோது அதை அட்டையில் குறித்துக் காட்டிய செவிலியர், "இன்னும் கூடினால் மாத்திரை எண்ணிக்கையும் கூடலாம், அது நல்ல அறிகுறி" என்றார். அவர் அதை முன்பே சொல்லாமல் இருந்திருந்தால், மூன்று மாத்திரை நான்கானபோது நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன். 50 கிலோவைத் தாண்டியதால் அளவு மாறியது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிட்டால் எனக்குக் குமட்டும். விடியற்காலைக் குளிரில் அதை எண்ணினாலே வயிறு புரளும். மருத்துவரிடம் சொல்லவும் கூச்சம். நான் கேட்காமலே ஒருவர், "குமட்டினால் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், மருந்து வெளியே வருவதைவிட அது மேல்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நானும் உங்கள் பதிவேட்டில் விட்டுப்போனவனாகியிருப்பேன்.

மூன்றாவதாக, குடி. குடிப்பீர்களா என்று என்னிடம் கேட்டவர்கள் அனைவரும், "இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கும் குரலில்தான் கேட்டார்கள். நானும் இல்லை என்றேன். குடித்த இரவுகளில், கல்லீரல் கெட்டுவிடும் என்று பயந்து மறுநாள் மாத்திரையைத் தள்ளிவைத்தேன். குடியை விட வேண்டும் என்று சொல்வது சரி. ஆனால் குடித்துவிட்டவன் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

ஆய்வாளர் ஐயா சொன்ன கண்காணிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் மைத்துனர் நாள்தோறும் இரவு உணவின்போது "ஆயிற்றா?" என்று கேட்டது பிடித்திருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். கேட்டவரை நானே தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் வேறுபாடு.

கோத்தகிரி மருந்தாளுநர்

குன்னூர் நண்பரின் கேள்விக்குப் பதில்: மாத்திரையைத் தாமாகத் தள்ளிவைக்கக் கூடாது. மதுவும் ஐசோநியசிட்டும் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்புக்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மையே. அதனால்தான் குடிப்பழக்கம் உள்ளவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் கல்லீரல் பரிசோதனையை இடையிடையே செய்வார்கள். பைரிடாக்சினும் தவறாமல் தருவார்கள். குடியை விடுவதற்கான ஆலோசனைக்கும் அனுப்புவார்கள். மருந்து கிடைக்காமல் போவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காசநோய் ஆறுவதும் தாமதமாகும்.

தனியார் மருந்துக்கடைகளைப் பற்றியும் ஒரு சொல். 2012 முதல் காசநோயாளிகளைப் பற்றிய விவரத்தைத் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பதிவானவர்களுக்கும் உதவித்தொகையும் வீட்டாருக்கான பரிசோதனையும் உண்டு. தனியாரிடம் போனால் யாருக்கும் தெரியாது என்று எண்ணி வருகிறவர்கள்தான் பணம் தீர்ந்ததும் மருந்தை நிறுத்துகிறார்கள்.

தோட்டப் பள்ளி ஆசிரியர் (குன்னூர் வட்டம்)

இதுவரை பேசப்படாத ஒரு பகுதியினர் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோரின் பெற்றோர் ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அவர்களிடம் தமிழில் விளக்கம் சொல்வது பயனற்றது. இந்தியில் சொன்னாலும் பெண்களுக்கு முழுமையாக விளங்குவதில்லை. பல வீடுகளில் மருந்து விளக்கத்தைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்வது ஆறாம் வகுப்பு மாணவியாக இருக்கிறாள். தாயின் நோயைப் பற்றிய செய்தியைக் குழந்தையின் வாய்வழியாகச் சொல்லவைப்பது முறையா என்று எண்ணிப்பாருங்கள். அதே மொழி பேசும் பெரியவர் ஒருவரை, நோயாளியின் ஒப்புதலோடு, முதல் நாளே அழைத்துவருவதுதான் நல்லது.

இவர்கள் திடீரென்று ஊருக்குப் போய்விடுவார்கள். அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் தரப்படும் பதிவு எண் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதும், முன்கூட்டிச் சொன்னால் அங்குள்ள மருத்துவமனைக்குச் சிகிச்சையை மாற்றிக்கொடுக்க முடியும் என்பதும், வழிப்பயணத்துக்கு மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் இவர்களுக்குத் தெரியாது. சொல்லாமல் போனவர்களும் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் உதவி கேட்கலாம்.

பந்தலூர் மேஸ்திரி

ஆசிரியர் சொல்வது உண்மை. எங்கள் தோட்டத்திலும் விடுப்புக் கேட்டு வருகிறவரிடம் மருந்து கையில் இருக்கிறதா என்று தனியாக அழைத்துக் கேட்கலாம். ஆனால் அவருக்கு நோய் இருப்பது எனக்குத் தெரிய வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

மலைமாணவி (உதகை)

ஒரு சிறு கேள்வி. சன்னலைத் திறந்து வையுங்கள் என்று எல்லாத் துண்டறிக்கையிலும் இருக்கிறது. உதகைக் குளிரில் யார் திறப்பார்கள்?

மலைச்செவிலி (கூடலூர்)

இரவில் திறக்கச் சொல்வதில்லை. சொன்னாலும் திறக்க மாட்டார்கள். வெயில் ஏறிய பிறகு, அடுப்பு எரியாத நேரத்தில் கதவையும் சன்னலையும் எதிரெதிராகத் திறந்து வையுங்கள், முடிந்தவரை பகலில் வாசலில் உட்காருங்கள் என்று சொல்கிறோம். முதல் சில வாரங்கள் பிள்ளைகளை வேறு அறையில் படுக்கவைக்க முடிந்தால் நல்லது. ஒற்றை அறை வீட்டில் அதையும் சொல்ல முடியாது. அங்கே நாங்கள் வலியுறுத்துவது, வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்துவருவதையும், நோய் இல்லாதவர்களுக்குத் தரப்படும் தடுப்பு மருந்தையும்தான்.

உங்கள் எல்லாருடைய கருத்தையும் கேட்டபின், விளக்கத்தை இப்படிப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. முதல் நாளில் மூன்று செய்திகள் போதும்: குணமாகும், சிறுநீர் நிறம் மாறும், எந்தச் சிரமம் வந்தாலும் நிறுத்துவதற்கு முன் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டாம் வாரத்தில் குமட்டல், குடி, கருத்தடை முதலியவற்றை வீட்டில் தனியாகப் பேசலாம். 56 வேளைகள் முடியும் முன்பே, சளி முடிவு வருவதற்கு முந்தைய வாரத்தில், "கிருமி இல்லை என்று வந்தாலும் இன்னும் நான்கு மாதம்" என்று சொல்லிவைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் அது புதிய சுமையாகத் தோன்றும். மூன்றாம் மாதத்தில், நாங்கள் இப்போது மிகக் குறைவாகப் போகும் அந்தக் காலத்தில்தான், அடிக்கடி போக வேண்டும். அப்போது பேசுகிறவர் குன்னூர் நண்பரைப் போலச் சிகிச்சை முடித்தவராக இருந்தால் என் பேச்சைவிட அது எடுபடும்.

பழைய ஆய்வாளர் (குந்தா)

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. 2022 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனே எடை மிகக் குறைவா, மூச்சுத் திணறுகிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலை மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு உங்கள் மூன்று செய்திகளும் வேண்டாம். முதலில் படுக்கையும் உணவும் வேண்டும். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு உங்கள் ஏற்பாடு சரி. மூன்றாம் மாத வருகையைப் பதிவேட்டில் தனிக் கட்டமாக அச்சிட்டால்தான் உங்களுக்குப் பின் வருகிறவரும் போவார்.

ஆறு மாதம் கடந்தவன் (குன்னூர்)

பேச வரச் சொன்னால் வருகிறேன். ஆனால் என் பெயரையும் முகத்தையும் சுவரொட்டியில் போட வேண்டாம். ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசுவது வேறு. பிள்ளைகளுக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசி அட்டை முடிந்த அன்று என் கையில் சான்று போன்ற ஒரு தாளைக் கொடுத்து வாழ்த்தி அனுப்பினார்கள். அதன்பின் ஏதாவது பரிசோதனை உண்டா?

மலைச்செவிலி (கூடலூர்)

உண்டு. சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24 ஆம் மாதங்களில் வந்து பார்க்க வேண்டும். இருமலோ காய்ச்சலோ எடை இழப்போ இருந்தால் அந்த மாதங்கள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே சளியைச் சோதிக்க வேண்டும். கடைசி நாள் வாழ்த்தோடு இதையும் சொல்லி, நான்கு தேதிகளையும் அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் தாளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள், எழுதித் தருவார்கள்.